கடைசி நான்கு வரி

சென்ற மாதம் எங்கள் ஆபீசுக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இனி எந்த மெயிலுக்கும் அடியில் ஒரே கையொப்பம்தான் இருக்க வேண்டும். அது ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். நிறுவனத்தின் சின்னம், பதவி, மூன்று தொலைபேசி எண், ரகசியக் காப்பு வாசகம் எல்லாம் அவர்கள் அனுப்பிய வடிவத்திலேயே வர வேண்டும். ஆளுக்குத் தகுந்தாற்போல் கையொப்பம் மாற்றி வைத்திருப்பவர்கள் அவற்றை நீக்கிவிட வேண்டும். இதற்கான காரணத்தை ஒரே வரியில் சொல்லியிருந்தார்கள்: ஒரு நிறுவனத்துக்கு ஒரு முகம்.

நான் நீக்க வேண்டியவை நான்கு. இடுக்கி மாவட்டத்தில் நெடுங்கண்டம் பக்கம் ஏலக்காய் வாங்கி விற்கும் ஒரு நிறுவனத்தில் பதினொரு ஆண்டாகக் கடிதப் போக்குவரத்து என் பொறுப்பு. அந்த நான்கு கையொப்பங்களையும் ஒரே நாளில் உட்கார்ந்து எழுதிவிடவில்லை. ஒவ்வொன்றும் ஒரு தப்பு நடந்த பிறகு, ஒருவர் அலைந்த பிறகு, அடுத்தவர் அலையக் கூடாது என்று எழுதியது. அதனால் சுற்றறிக்கையைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

எழுதியவர் மேல் அந்தக் கோபம் இல்லை. அவர் சொன்னதைத்தான் இன்று பாதிப் பேர் நம்புகிறார்கள். கொச்சியிலும் கோயம்புத்தூரிலும் வேலை பார்க்கும் நண்பர்களைக் கேட்டால் அவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். ஆளுக்கொரு கையொப்பம் வைப்பது நேர்மையான காரியம் இல்லை என்கிறார்கள் சிலர். ஆங்கிலம் இரண்டு பக்கத்துக்கும் பொது, அதில் எழுதிவிட்டால் எந்த வம்பும் இல்லை என்கிறார்கள் வேறு சிலர். மாற்றி மாற்றி வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும் என்பது மற்றவர்கள் கட்சி. மூன்றுமே தவறு என்பது என் கட்சி. எல்லையில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு அவை மும்மடங்கு தவறு.

எங்கள் ஆபீசிலிருந்து ஒரு நாளில் மெயில் எங்கெல்லாம் போகிறது என்று பாருங்கள். புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் ஏலம் நடக்கிறது. ஒன்று கேரளம், ஒன்று தமிழ்நாடு. லாட் நம்பர், எடை, கிடைத்த விலை என்று இரண்டு பக்கமும் தகவல் போக வேண்டும். தோட்டக்காரர்களில் பாதிப் பேர் மலையாளத்தில் வாசிக்கிறவர்கள். மீதிப் பேர் கம்பத்திலும் போடியிலும் வீடு வைத்துக்கொண்டு மலையில் தோட்டம் வைத்திருப்பவர்கள். வேளாண் அலுவலகமான கிருஷி பவனுக்கும் வில்லேஜ் ஆபீசுக்கும் மலையாளத்தில் எழுத வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களுக்கும் வங்கிக்கும் ஆங்கிலம். காலையில் ஜீப் ஏறிக் கம்பம்மெட்டு வழியாக வேலைக்கு வருகிறவர்களின் கூலிக் கணக்கு, வங்கிக் கணக்கு பற்றி அவர்கள் பிள்ளைகள் எழுதிக் கேட்பார்கள். அது தமிழில் வரும். இத்தனை பேருக்கும் ஒரே முகம் காட்டச் சொன்னால், அதில் பாதிப் பேருக்கு நாம் காட்டுவது முதுகு.

அப்படி முதுகைக் கண்ட ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. பீர்மேடு பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டு கொழுந்து கிள்ளிய ஓர் அம்மா, ஓய்வு பெற்றுக் கம்பத்தில் மகள் வீட்டுக்கு வந்துவிட்டார். பிஎஃப் தாள்களில் ஒரு குறை. மகள் தோட்ட நிறுவனத்துக்குத் தமிழில் மெயில் எழுதிக் கேட்டார். பதில் வந்தது. ஆங்கிலத்தில் இரண்டு வரி. அதற்குக் கீழே பதினேழு வரிக் கையொப்பம்: சின்னம், பதவி, முகவரி, மூன்று எண், இந்த மெயில் உங்களுக்கானதல்ல என்றால் அழித்துவிடுங்கள் என்கிற நீண்ட வாசகம். முதல் எண் கொச்சியில் இருக்கும் தலைமை அலுவலகத்தின் பொது எண். அதற்குப் பேசினால் ஒரு பதிவுக் குரல் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். அதில் தமிழ் இல்லை. இரண்டாவது எண் எழுதியவருடையது. அவர் மலையாளி, தமிழ் புரியாதவர். மூன்றாவது ஃபேக்ஸ். தமிழ் பேசும் எழுத்தர் ஒருவர் அதே தோட்டத்து ஆபீசில், அந்த அம்மா முப்பது ஆண்டு கூலி வாங்கிய அதே ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவருடைய எண் அந்தப் பதினேழு வரியில் எங்குமே இல்லை.

இரண்டரை மாதம் கழித்து அந்த மகள் மெயிலை அச்செடுத்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். “அண்ணே, இதுல யாருக்குப் பேசணும்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க” என்றார். பார்த்தேன். இந்த வேலையிலேயே இருக்கிற எனக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒருவர் மூலம் அந்த எழுத்தரின் கைபேசி எண்ணை வாங்கிப் பேசினோம். பத்து நிமிடத்தில் விஷயம் முடிந்தது. இரண்டரை மாதத்துக்கும் பத்து நிமிடத்துக்கும் நடுவே இருந்தது ஒரு பெயரும் பத்து இலக்க எண்ணும்தான்.

அந்த நிறுவனம் அவரை வேண்டுமென்று அலையவிடவில்லை. எல்லோருக்கும் போகும் கையொப்பமே அவருக்கும் போனது. நான் குறை காண்பதும் அதில்தான்.

ஆளுக்கு ஏற்றபடி கையொப்பம் மாறினால் அது இரட்டை வேடம் என்கிறார்களே, அவர்கள் பள்ளியில் எழுதிய விடுமுறைக் கடிதத்தை நினைத்துப் பார்க்கட்டும். தலைமையாசிரியருக்கு எழுதும்போது ‘இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்’. அதே பையன் அன்றைக்கு மாலை ஊருக்குத் தாத்தாவுக்கு எழுதும்போது ‘தங்கள் அன்புப் பேரன்’. நண்பனுக்கு எழுதினால் வெறும் பெயர், அதுவும் பட்டப்பெயராக இருக்கலாம். எந்த வாத்தியாரும் இவனுக்கு மூன்று முகம் என்று அடிக்கவில்லை. மூன்றையும் சரியாக எழுதத் தெரியாதவனுக்குத்தான் மதிப்பெண் குறைத்தார்கள். தோட்ட லைன் வீடுகளில் எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்து ஊருக்குக் கடிதம் எழுதச் சொல்வார்கள். முடிவில் அவர் கேட்கும் கேள்வி, “யாருக்குப் போகுது? என்னன்னு முடிக்கட்டும்?” என்பது. பெரியவருக்கு நமஸ்காரம், சின்னவருக்கு ஆசீர்வாதம், முதலாளிக்கு வேறு சொல். எழுதுகிறவர் ஒருவர்தான், வாசிக்கிறவர்தான் மாறுகிறார். கடிதத்தின் முடிவு வாசிக்கிறவர் பக்கம் திரும்பி நிற்க வேண்டும் என்பது நம் பழக்கத்திலேயே இருக்கிறது. மலையாளத்திலும் அப்படியே. நாம் ‘இப்படிக்கு’ என்று எழுதும் இடத்தில் அவர்கள் ‘என்னு’ என்று எழுதி, அதன் பிறகு ‘விஸ்வஸ்ததயோடெ’ என்றோ ‘ஸ்நேகத்தோடெ’ என்றோ ஆளைப் பார்த்து முடிப்பார்கள். இத்தனை காலம் இரண்டு மொழியும் மரியாதை என்று கருதியதை இப்போது நேர்மைக் குறைவு என்று சொல்ல யாருக்கு உரிமை?

மின்னஞ்சலின் சொந்த மரபும் இதையேதான் சொல்கிறது. 1995 அக்டோபரில் ஆர்எஃப்சி 1855 என்ற இணைய நடத்தை வழிகாட்டி வெளியானது. கையொப்பம் நான்கு வரிக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்றது அது. இணைப்புக்கு நிமிடக் கணக்கில் பணம் கட்டுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள், உங்கள் மெயில் நீண்டால் அவர்களுக்குச் செலவு கூடும் என்று காரணமும் சொன்னது. அந்த நான்கு வரியின் அளவை முதலில் நிர்ணயித்தது வாசிக்கிறவரின் பணப்பை. அனுப்புகிறவரின் சின்னம் அங்கே பேச்சிலேயே இல்லை. இன்றைக்கும் மலையில் மழைக்காலத்தில் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கிவிடும். படமாக ஒட்டிய கையொப்பம் அப்போது ஒரு வெற்றுக் கட்டமாகத்தான் திறக்கிறது. படத்துக்குள் இருக்கும் எண்ணைத் தொட்டு அழைக்க முடியாது. பிறகு தேடவும் முடியாது. அழகான அந்தச் சின்னத்தால் கஷ்டப்படுகிறவர் யார் என்று அதை வடிவமைக்கிறவர்கள் ஒரு தடவை காந்தலூரிலோ வட்டவடையிலோ உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஆங்கிலம் பொது என்கிற வாதம்தான் உள்ளதிலேயே ஆபத்தானது. கேட்க நியாயமாக இருப்பதால் அதை யாரும் எதிர்ப்பதில்லை.

கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 2011 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 5 லட்சம் பேர். தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை, அந்தப் பக்கம் பாலக்காட்டில் சித்தூர் என்று அவர்கள் செறிந்து வாழும் தாலுகாக்கள் எல்லாம் எல்லையோரம். 1956 நவம்பர் 1 அன்று கோடு போட்டபோது அவர்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றார்கள், அவ்வளவுதான். கேரள அரசு அவர்களை மறந்துவிடவில்லை. 1969-இன் கேரள ஆட்சிமொழிச் சட்டமும் 1973-இல் அதற்கு வந்த திருத்தமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம் என்கின்றன. பதிலும் அந்த மொழியில் வர வேண்டும் என்கின்றன. அரசமைப்புச் சட்டத்தின் 350-ஆவது பிரிவு, தன் குறையை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரிக்கும் எழுத ஒவ்வொருவருக்கும் உரிமை தருகிறது. அரசாங்கமே வாசிக்கிறவரின் மொழிக்கு இறங்கிவர ஒப்புக்கொண்டிருக்கும்போது ஒரு வியாபார நிறுவனம் ஆங்கிலத்துக்கு மேல் ஏறி நின்றுகொள்வதை நடுநிலை என்று எப்படிச் சொல்வது?

நடுவண் அரசைப் பாருங்கள். 1976-இன் ஆட்சிமொழி விதிகள் இந்தியாவை ஏ, பி, சி என்று மூன்று பகுதியாகப் பிரித்து, கடிதம் எந்தப் பகுதிக்குப் போகிறதோ அதைப் பொறுத்து மொழியை வகுத்திருக்கின்றன. கேரளம் சி பகுதி. தமிழ்நாட்டுக்கு அந்த விதிகள் பொருந்தவே பொருந்தா என்று முதல் விதியிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த விதிகளின் அரசியல் வேறு, அதோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் யாருக்குப் போகிறது என்று பார்த்து மொழியை மாற்றுவது முறைகேடு என்றால், அந்த முறைகேட்டை முதலில் விதியாக எழுதியவர்கள் டெல்லியில் இருக்கிறார்கள். கனடாவில் நடுவண் அரசு ஊழியர் ஒவ்வொருவரின் மின்னஞ்சல் கையொப்பமும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்க வேண்டும். அதனால் அந்த அரசுக்கு இரண்டு முகம் வந்துவிட்டதாக யாரும் புகார் சொல்லவில்லை.

இந்த மண்ணின் பழைய சாட்சி ஒன்றும் இருக்கிறது. கி.பி. 849-இல் கொல்லத்தில் வேணாட்டு ஐயனடிகள் தரிசாப்பள்ளிக்குக் கொடுத்த செப்பேட்டில் ஆவணம் வட்டெழுத்தில் இருக்கிறது. கடைசியில் சாட்சிக் கையொப்பங்கள் கூஃபி வடிவ அரபியிலும் பஹ்லவியிலும் எபிரேய எழுத்தில் எழுதிய பாரசீகத்திலும் இருக்கின்றன. மிளகு வாங்க வந்தவர்கள் அவர்கள். ஒரே ஆவணத்தில் மூன்று அந்நிய எழுத்துகளில் சாட்சி வாங்கிய நாட்டில், இன்று ஏலக்காய் விற்கிற ஆபீஸ் ஓர் எழுத்துக்கு மேல் தாங்காது என்கிறது.

பெயர் விஷயம் இன்னும் நுணுக்கமானது. அதைச் சுற்றறிக்கை எழுதுகிறவர்கள் யோசித்திருக்க வழியில்லை, ஏனென்றால் எல்லையில் வாழாதவருக்கு அது பிரச்சினையே இல்லை. குமாரசாமியின் மகன் முருகன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். தமிழில் அவர் கு. முருகன். ஆங்கிலத்தில் கே. முருகன். கேரளத்தில் படித்திருந்தால் எஸ்எஸ்எல்சி புத்தகத்தில் பெரும்பாலும் முருகன் கே. என்று பெயர் முன்னால் வந்து தலைப்பெழுத்து பின்னால் போயிருக்கும். மலையாளத்தில் எழுதும்போது அந்த ஆங்கில எழுத்தின் ஒலியையே எடுத்து முருகன் கெ. என்பார்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் வந்த ஆணை தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுதச் சொல்கிறது. ஆக, ஒரே ஆள், பொய் ஒன்றும் சொல்லாமலேயே, நான்கு விதமாக எழுதப்படுகிறார். கிருஷி பவனில் இருக்கும் கோப்பில் ‘முருகன் கெ.’ என்று தேடுகிறவருக்குக் ‘கே. முருகன்’ என்று கையொப்பம் வந்தால் அவர் இன்னொரு கோப்பைத் திறக்கிறார். போடியில் வங்கிக்காரர் முருகன் கே. என்பவரை வேறு ஆளாக நினைக்கிறார். யாருடைய கோப்பில் எப்படி இருக்கிறோமோ அப்படியே பெயரைத் தருவதுதான் அங்கே உண்மை. ஒரே வடிவத்தை எல்லோருக்கும் அனுப்பினால், ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் தவறான ஆளைத் தேடுகிறார்கள்.

முகவரியும் அப்படித்தான். கேரளத்து முகவரி வீட்டுப் பெயரில் தொடங்கி பி.ஓ.-வில் முடியும். பஞ்சாயத்து, வார்டு, கட்டட எண் கேட்பார்கள். போடியிலிருந்து பேசும் கூரியர் பையன், “எந்தத் தெரு, கதவு நம்பர் என்ன?” என்று கேட்கிறான். இங்கே தெருவே கிடையாது. மெயின் ரோட்டிலிருந்து மேலே ஏறும் வழி, எதிரே காய் உலர்த்தும் ஸ்டோர், அதுதான் அடையாளம். அவனுக்கான கையொப்பத்தில் அதையே எழுதி வைத்தேன். அதற்குப் பிறகு பார்சல் ஒன்றுகூடத் திரும்பிப் போகவில்லை.

என் பெரியம்மா வீடு கொழிஞ்சாம்பாறையில். சிறு வயதில் விடுமுறைக்கெல்லாம் அங்கேதான். ஊரில் கடைப் பலகை இரண்டு மொழியில் இருக்கும். பஸ்ஸில் கண்டக்டர் மலையாளத்தில் கேட்பார், பெரியம்மா தமிழில் பதில் சொல்லுவார், சீட்டுக் கிழியும், யாருக்கும் எதுவும் குறைந்துபோகாது. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது. மலையாள மொழியின் தந்தை என்று போற்றப்படும் எழுத்தச்சன் கடைசிக் காலத்தைக் கழித்த குருமடமும் அதே சித்தூரில், சோகநாசினி ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. மலையாளத்துக்கு எதிராக நான் பேசுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் நான்கு கையொப்பங்களில் நான் மிகக் கவனமாக எழுதியது மலையாளக் கையொப்பம்தான். வில்லேஜ் ஆபீசில் இருக்கும் சேச்சி தன் எழுத்தில் என் பெயரைப் பார்க்கும்போது கோப்பு நகர்கிற வேகத்தை நான் பார்த்திருக்கிறேன். ஆங்கிலக் கையொப்பம் அவருக்கும் முதுகுதான்.

எதிர்க்கட்சியில் கனமான வாதம் ஒன்று இருக்கிறது, சட்டம். கையொப்பம் என்றால் பொறுப்பு, அதை மாற்றிக்கொண்டே இருக்கலாமா என்கிறார்கள். இடுக்கிக்காரர்களுக்குக் கையொப்பத்தின் கனத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூருக்கும் ஆங்கில அரசுக்கும் நடுவே போட்ட பெரியாற்றுக் குத்தகைப் பத்திரம் 999 ஆண்டுக்கானது. அதன் கீழே விழுந்த கையொப்பத்தைப் பற்றி இரண்டு மாநிலமும் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அந்தக் கையொப்பமும் மெயிலின் அடியில் தானாக வந்து விழும் நான்கு வரியும் ஒன்றில்லை. 2000-இன் தகவல் தொழில்நுட்பச் சட்டம் சொல்லும் டிஜிட்டல் கையொப்பம் சங்கேதச் சாவியால் உறுதிப்படுத்தப்படுவது. மெயிலின் அடி வரிகளுக்கு அந்தத் தகுதி இல்லை. அவை பழைய கடிதத் தாளின் தலைப்பு மாதிரி, விசிட்டிங் கார்டு மாதிரி. இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல்லை வைத்துக்கொண்டதால் வந்த மயக்கம் இது.

சட்டம் கேட்பதைத் தர வேண்டும், அதில் எனக்குத் தகராறு இல்லை. 2013-இன் கம்பெனிகள் சட்டம் 12-ஆவது பிரிவு, வியாபாரக் கடிதங்களில் நிறுவனத்தின் பெயர், பதிவு அலுவலக முகவரி, 21 இலக்க நிறுவன அடையாள எண், தொலைபேசி, மின்னஞ்சல் எல்லாம் இருக்க வேண்டும் என்கிறது. வெளிநாட்டுக்கும் வங்கிக்கும் போகும் என் ஆங்கிலக் கையொப்பத்தில் அத்தனையும் இருக்கிறது, ஜிஎஸ்டி எண்ணோடு. விலை ஒப்புக்கொள்ளும் எந்த மெயிலும் அந்தக் கையொப்பத்தோடுதான் போகும், தமிழில் எழுதினாலும் மலையாளத்தில் எழுதினாலும். ஆனால் கம்பத்திலிருந்து கூலி பாக்கி கேட்டு எழுதிய பெண்ணுக்கு அந்த 21 இலக்கம் எதற்கு? பத்து இலக்கக் கைபேசி எண் அதற்குள் புதைந்துபோகிறது.

குழப்பம் வரும் என்கிற பயத்துக்கு நீண்ட பதில் வேண்டியதில்லை. ஜிமெயிலில் 2020-இலிருந்தே பல கையொப்பம் வைத்துக்கொள்ளலாம். அவுட்லுக்கில் புது மெயிலுக்கு ஒன்று, பதிலுக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்து, எழுதும்போது மாற்றவும் செய்யலாம். தண்டர்பேர்டில் ஒரே கணக்குக்குப் பல அடையாளம் வைக்கலாம், ஒவ்வொன்றுக்கும் தன் கையொப்பம். எக்ஸ்சேஞ்ச் சர்வர் வைத்திருக்கும் நிறுவனம் உள்ளுக்குள் போகும் மெயிலுக்கு ஒரு வாசகம், வெளியே போகும் மெயிலுக்கு வேறு வாசகம் என்று விதி போட முடியும். ஒரே கையொப்பத்தைத் திணிக்க எந்தக் கருவியை வாங்குகிறார்களோ, பெரும்பாலும் அதே கருவியில் பலவற்றை வைக்கவும் வழி இருக்கும். தப்பு நடக்காதா என்றால் நடக்கும். ஒருமுறை போடி வியாபாரி ஒருவருக்கு மலையாளக் கையொப்பத்தோடு மெயில் போய்விட்டது. “என்னப்பா, எழுத்தே புரியல, நம்பர் மட்டும் தெரிஞ்சுது” என்று கூப்பிட்டார். பேசி முடித்தோம். ஒருவருக்குப் போக வேண்டிய விலைப்பட்டியல் இன்னொருவருக்குப் போவதுதான் இந்தத் தொழிலில் பெரிய தப்பு. அதை எந்த ஒரே கையொப்பமும் தடுத்ததில்லை.

மொழிபெயர்ப்புச் செயலி இருக்கிறதே என்று ஒரு நண்பர் கேட்டார். இருக்கிறது. மெயிலின் உடலை அது ஓரளவு பெயர்க்கும். பெயரையும் ஊரையும் பதவியையும் அது சிதைப்பதை நான் தினமும் பார்க்கிறேன். படமாக இருந்தால் அதைத் தொடுவதே இல்லை. அதைவிட, எழுதுகிறவர் நான்கு வரி மாற்றச் சோம்பிப்போய், அந்த வேலையைப் படிப்புக் குறைந்த, கைபேசியின் டேட்டா தீர்ந்துபோகிற ஒருவர் தலையில் வைப்பது எந்த ஊர் நியாயம்?

இதைச் சொல்லும்போது என் பக்கத்திலும் நடக்கும் ஒரு கெட்ட வழக்கத்தை மறைக்கக் கூடாது. ஆளுக்கொரு கையொப்பம் வைக்கிறவர்களில் பலர் வைப்பது வேறு காரணத்துக்காக. பெரிய வாங்குகிறவருக்கு எழுதும்போது பதவி நீளும், பட்டம் கூடும், நேரடிக் கைபேசி எண் வரும். சின்ன தோட்டக்காரருக்கும் தொழிலாளிக்கும் எழுதும்போது எண் மறைந்து ‘அலுவலகம்’ என்று மட்டும் நிற்கும். தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்பதற்காகவே சிலர் இப்படி ஒரு கையொப்பம் தயாரித்து வைத்திருக்கிறார்கள். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரட்டை வேடம் என்ற சொல் அதற்குத்தான் பொருந்தும். என் நான்கிலும் ஒரே கைபேசி எண்தான் இருக்கிறது. நான் யார், என்ன வேலை, எதற்குப் பொறுப்பு என்பதும் நான்கிலும் ஒன்றுதான். மாறுவது எழுத்து, பெயர் எழுதும் முறை, முகவரியின் வரிசை, அந்த ஆளுக்குத் தேவையில்லாதவற்றை விட்டுவிடுவது. தமிழ்க் கையொப்பத்தில் மட்டும் கூடுதலாக ஒரு வரி: மாலை 6 மணிக்கு மேல் கூப்பிடலாம். தோட்டத்திலிருந்து இறங்கி வீட்டுக்குப் போன பிறகுதான் அவர்களுக்குப் பேச நேரம் கிடைக்கிறது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு ஆண்டு ஆயிற்று.

ஒரே கையொப்பம் என்று அடித்துப் பேசுகிறவர்கள் இந்தக் கெட்ட வழக்கத்தைக் காட்டித்தான் பேசுகிறார்கள். வியாதியைப் பார்த்து உறுப்பை வெட்டச் சொல்கிறார்கள். விதி வேண்டும் என்றால் அதற்கு ஏற்ற விதி போடட்டும்: எந்த மொழியில் கையொப்பம் இருந்தாலும், மனிதர் எடுத்துப் பேசும் எண் ஒன்று கண்டிப்பாக இருக்க வேண்டும், அந்த எண்ணில் அந்த மொழி பேச ஆள் இருக்க வேண்டும். இந்த ஒரு வரியைச் சுற்றறிக்கையாக அனுப்பியிருந்தால் முதல் ஆளாக நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

நான் கையொப்பங்களை இன்னும் நீக்கவில்லை. சுற்றறிக்கைக்குப் பதில் எழுதி அனுப்பிவிட்டேன். சட்டம் கேட்கும் விவரங்களோடு ஆங்கிலக் கையொப்பத்தை அவர்கள் சொன்ன எழுத்திலும் நிறத்திலும் மாற்றிக்கொள்கிறேன், மற்ற மூன்றையும் விட முடியாது, குறிப்பாகத் தமிழ்க் கையொப்பத்தை விடவே முடியாது என்று எழுதினேன். கம்பத்திலிருந்து வந்த அந்த அச்சுத் தாளின் நகல் என்னிடம் இருந்தது. பெயர்களையும் நிறுவனத்தையும் மறைத்து, ஸ்கேன் செய்து அதோடு இணைத்தேன். பதினேழு வரியில், கூப்பிட வேண்டியது இதுதான் என்று நினைத்து அந்தப் பெண் பேனாவால் இரண்டு சுற்று வட்டமிட்டிருந்தது ஃபேக்ஸ் எண்ணை.